பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?

பாஸ்வேர்டா? அந்தப் பேச்சே இங்க கிடையாதுங்க. உக்காருங்க, சேரை ஃபேனுக்கு நேரா இழுத்துப் போட்டுக்கங்க. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கான், சாவி அவன்கிட்ட. வந்ததும் டைனிங் ஹால், மணமகள் ரூம் எல்லாத்தையும் தொறந்து காட்டறேன். நீங்க கேட்ட தேதி காலியாத்தான் இருக்கு, பதற வேணாம்.

உங்க போன் உள்ள வந்ததும் செத்துடுச்சா? சாகும். மண்டபம் பள்ளத்துல இருக்கு, மேல முழுக்கத் தகரக் கூரை. எந்தக் கம்பெனி சிம்மா இருந்தாலும் வாசப்படி தாண்டினா கதை முடிஞ்சுது. அதனாலதான் வைஃபை. பேரு வருது பாருங்க, தனபாக்கியம் மஹால் விருந்தினர்னு. அதைத் தொடுங்க. ஒரு பக்கம் தொறக்கும், மேல பிள்ளையார் இருப்பாரு. கீழ உங்க பேரை இனிஷியலோட போடுங்க. இனிஷியல் இல்லாட்டி வாங்காது, நான் அப்படி வைக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் என்ன உறவுன்னு கேக்கும். அதுக்குக் கீழ பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடான்னு கேக்கும். நீங்க பொண்ணுக்கு அப்பான்னு சொன்னீங்க இல்ல? அப்ப பொண்ணு வீடு. அனுப்பிட்டீங்களா? இருங்க, என் போனுக்கு வரணும். வந்துடுச்சு. 'ஆமா' போட்டுட்டேன். இனிமே நீங்க நம்ம மண்டபத்து விருந்தாளி.

மெதுவாத்தான் வரும். பொண்ணு வீடு இல்லையா.

சிரிக்காதீங்க. எல்லாரும் இந்த இடத்துல சிரிக்கறாங்க. காரணம் இல்லாம இந்த வேதரத்தினம் எதையும் செய்ய மாட்டான். இந்த மண்டபம் கட்டின நாள்லேருந்து நான்தான் மேனேஜர். முதலாளி மாறினாரு, பெயிண்ட் மாறுச்சு, நான் மாறலை.

முன்னாடி பாஸ்வேர்டு இருந்துச்சு. கை கழுவுற இடத்துல செவுத்துலயே எழுதிப் போட்டிருந்தோம். ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும், அவ்வளவுதான். எதிர்த்த டீக்கடைக்காரன் நம்ம வைஃபையிலதான் பாட்டுப் போடுவான். பின்னாடி ஹாஸ்டல் பசங்க காம்பவுண்டு செவுத்துல வரிசையா உக்காந்திருப்பானுங்க, தலைக்கு மேல நம்ம வைஃபை. போகட்டும், தர்மம்னு விட்டேன். ஆனா ஒரு நாள் என்ன ஆச்சு தெரியுமா? வடுவூர்க்காரங்க கல்யாணம். மேடைக்குப் பக்கத்துல பெரிய டிவி வெச்சிருக்கோம், அதுல பொண்ணோட சின்ன வயசு போட்டோவா ஓடிக்கிட்டிருக்கு. தொட்டில்ல கிடக்கற போட்டோ, மொட்டை போட்ட போட்டோ, எல்லாரும் ரசிச்சுப் பார்க்கறாங்க. திடீர்னு படம் மாறி, ஒரு பொம்பளை எறா உரிச்சுக்கிட்டிருக்கு! தலையைக் கிள்ளி, குடலை உருவி, பக்கத்துல காட்டுது. ஐயர் மேடையிலேயே கண்ணை மூடிக்கிட்டாரு. சுத்த சைவக் கல்யாணம்ங்க அது.

யாரோ ஒருத்தர் தன் போன்ல சமையல் வீடியோ பார்த்திருக்காரு, கை தவறி அது டிவிக்குப் போயிடுச்சு. டிவியும் விருந்தாளியும் ஒரே வைஃபை, அதான் வினை. மண்டபத்து கேமரா, என் கம்ப்யூட்டர், பிரிண்டர், எல்லாம் அதே கொடியிலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு. பொண்ணோட அப்பா என் சட்டையைப் பிடிச்சாரு. மறுநாள் முதலாளி கூப்பிட்டு, வேதரத்தினம், விருந்தாளிக்குத் தனி, நமக்குத் தனி, எவன் உள்ள வர்றான்னு நமக்குத் தெரியணும், ஏற்பாடு பண்ணுன்னுட்டாரு.

தஞ்சாவூர்லேருந்து ரெஜினான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. நெட்வொர்க் வேலையில கெட்டிக்காரி. வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, சார், போன் நம்பர் கேட்போம், ஓடிபி போகும், அதைப் போட்டா உள்ள வரலாம், எல்லா ஊர்லயும் இதான்னுச்சு. சரின்னு வெச்சோம். உள்ளதான் சிக்னலே இல்லையே, ஓடிபி எப்படி வரும்? விருந்தாளிங்க எல்லாம் ஓடிபி வாங்க ரோட்டுக்கு ஓடினாங்க. அங்க ஓடிபி வந்து, அவங்க திரும்பி உள்ள வர்றதுக்குள்ள அதோட நேரம் முடிஞ்சு போயிடும். ஒரு கல்யாணத்துல தாலி கட்டும்போது ரோட்டுலதான் கூட்டம் ஜாஸ்தி. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு, அப்ப ஒரு மனுஷன் பார்த்து அனுமதி குடுக்கற மாதிரி வெச்சுடலாம் சார், யார் பேர் வந்தாலும் உங்க போனுக்கு வரும், ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லைன்னுச்சு. எனக்கு அது பிடிச்சுப் போச்சு. பந்தியில எலை போடறவன் ஆளைப் பார்த்துத்தானே போடணும்?

அடுத்து ஒரு கேள்வி கேட்டுச்சு. சார், விருந்தாளிங்களை வகை பிரிச்சு ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேகம் குடுக்கலாம், என்னென்ன வகை வேணும்னுச்சு. நான் யோசிக்கவே இல்லை. கல்யாண மண்டபத்துல ரெண்டே வகைம்மா, பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுன்னேன். சரி சார், ரெண்டுக்கும் சமமா வெச்சிடவான்னுச்சு. அதெப்படி சமமா வைக்கறது? ஏசி ரூம் யாருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்கு. முதல் பந்தி யாருக்கு? வாசல்ல பன்னீர் தெளிச்சு சந்தனம் குடுத்து உள்ள கூட்டிட்டு வர்றது யாரை? இது நான் போட்ட சட்டமா? மாப்பிள்ளை வீட்டுக்கு வேகம் ஜாஸ்தி, பொண்ணு வீட்டுக்குக் கம்மின்னேன். அந்தப் பொண்ணு என்னையே பார்த்துச்சு. ஏன் சார்னுச்சு. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மான்னேன். இல்லைன்னுச்சு. ஆனப்புறம் புரியும்னேன். சொன்னபடி செஞ்சு குடுத்துட்டுப் போச்சு.

அருமையா நடந்துச்சுங்க. ஒரு குத்தம் குறை கிடையாது. அக்கா மகளைக் கட்டறவங்க, அத்தை மகனைக் கட்டறவங்க வந்தா மட்டும் கொஞ்சம் இழுபறி. ஒருத்தர் பொண்ணுக்குத் தாய்மாமன், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. ரெண்டு போன்ல ரெண்டு விதமா அனுப்பினாரு. நான் ரெண்டுக்கும் ஆமா போட்டேன், உறவு நெஜம்தானே. ஓசிச் சாப்பாட்டுக்குன்னே ஒரு ஆளு கஞ்சி போட்ட வேட்டியோட எல்லா முகூர்த்தத்துக்கும் வருவாரு. அவரு எந்தக் கல்யாணமா இருந்தாலும் மாப்பிள்ளை வீடு, உறவு பெரியப்பான்னு அனுப்புவாரு. அவரையும் இதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். பொண்ணு வீட்டுக்காரங்க சில பேரு வந்து சண்டை போடுவாங்க. மண்டபத்து வாடகை குடுக்கறது நாங்க, எங்களுக்கா மெதுவான்னு கேப்பாங்க. வாடகை குடுக்கறதுனாலதாங்க நீங்க பொண்ணு வீடுன்னு பக்குவமா எடுத்துச் சொல்வேன். புரிஞ்சுக்கிட்டுப் பேசாமப் போயிடுவாங்க.

இப்படி நல்லா போயிக்கிட்டிருக்கும்போதுதான் என் மக கல்யாணம் வந்துச்சு.

சிவரஞ்சனி. வீட்டுல பாப்பா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவன் குமரவேல், சிங்கப்பூர்ல கப்பல் கட்டற கம்பெனியில வெல்டரா இருக்கான். தங்கச்சின்னா உசுரு அவனுக்கு. அவ நடக்கப் பழகினதே அவன் விரலைப் பிடிச்சுத்தான். கல்யாணத்துக்கு வர டிக்கெட் எல்லாம் போட்டுட்டான். கடைசியில அவசர வேலைன்னு கம்பெனியில லீவை ரத்து பண்ணிட்டானுங்க. போன்ல அழுதான். ஆம்பளைப் புள்ள அப்படி அழுது நான் கேட்டதில்லை. பாப்பா அழலை. அண்ணா, நீ வீடியோவுல வந்துடு, நீ பார்த்தாத்தான் நான் கழுத்தை நீட்டுவேன்னா. அவனும் சரின்னான். அவளுக்கு அந்தக் கல்யாணத்துல வேண்டியது அது ஒண்ணுதான். நகை கேக்கலை, பட்டு கேக்கலை. அண்ணன் பார்க்கணும், அவ்வளவுதான்.

முதலாளி பெரிய மனசு பண்ணி மண்டபத்தைச் சும்மா குடுத்தாரு. மாப்பிள்ளை பட்டுக்கோட்டை. கதிரேசன், பேங்க்ல வேலை. சம்பந்தி முருகையன், தங்கமான மனுஷன். முதல் நாள் சாயங்காலம் நிச்சயத்துக்குக் குமரன் வீடியோவுல வந்தான். வந்தான்னா, நெத்தி வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. அப்புறம் ஒரு கண்ணு. சத்தம் மட்டும் 'அப்... பா... சாப்...' அப்படின்னு வருது. நடுவுல அந்த வட்டம் சுத்துது பாருங்க, அது சுத்திக்கிட்டே இருக்கு. பாப்பா போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. மாப்பிள்ளையோட தங்கச்சி பக்கத்துல உக்காந்து ஏதோ சினிமா பார்க்குது, தண்ணி மாதிரி ஓடுது.

என் வீட்டுக்காரி மல்லிகா என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஏங்க, நம்ம பொண்ணு கல்யாணத்துக்குமா இந்தக் கூத்துன்னா. கூத்து இல்லைடி, ஒழுங்குன்னேன். இத்தனை பேருக்குச் சொன்ன நியாயத்தை என் மகளுக்குன்னு மாத்தினா, நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? என் போனையே பொண்ணுக்கு அப்பான்னு போட்டு, பொண்ணு வீட்டுலதான் சேர்த்திருந்தேன். ரெஜினாவையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தேன், வந்திருந்துச்சு. அதுவும் ஓடி வந்து, சார், ரெண்டு பக்கமும் ஒரே வேகமா மாத்திடட்டுமா, ஒரு டிக் எடுத்தாப் போதும்னுச்சு. கல்யாணத்துக்கு வந்திருக்கீங்கம்மா, சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன். சம்பந்தி காதுக்கும் விஷயம் போயிடுச்சு. அவரு வந்து, எங்க யார் போனையாவது வெச்சுப் பேசட்டுமே, நமக்குள்ள என்னங்கறாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. என் பையன் சம்பந்தி வீட்டு போன்ல ஓசியில வந்து நிக்கறதா? அதெல்லாம் வேணாம் சம்பந்தி, காலையில கூட்டம் குறைச்சலா இருக்கும், தானா சரியாகும்னுட்டேன்.

முகூர்த்தத்துக்குக் கூட்டம் குறையுமாங்கறீங்க? அது நானும் அப்புறம்தான் யோசிச்சேன்.

பாப்பா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அப்பா, அண்ணன் பார்க்க முடியுமா முடியாதான்னா. வீடியோ எடுக்கறாங்கம்மா, அனுப்பி வெச்சா நிதானமாப் பார்த்துக்குவான்னேன். மாப்பிள்ளையும் தன் போனை நீட்டியிருக்காரு, வேணாம், அண்ணன் என் போன்லயே வருவான்னுட்டாளாம். பிடிவாதத்துல அவ அப்படியே அவங்க அம்மா.

மறுநாள் முகூர்த்தம். மேடையில மாப்பிள்ளையும் பொண்ணும் உக்காந்தாச்சு. தாரை வார்த்துக் குடுத்துட்டு நான் பக்கத்துல நிக்கறேன். அவ மடியில தேங்காய், தேங்காயில சாய்ச்சு போன். அதுல குமரன். வேலை நேரத்துல நைசா வெளிய வந்திருக்கான் போல, தலையில மஞ்சத் தொப்பி. அந்தத் தொப்பியோட அப்படியே நிக்கறான், அசையலை, வட்டம் சுத்துது. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள்ள சுத்தி வரப் போயிடுச்சு. தட்டு திரும்பி மேடைக்கு வந்துட்டா அப்புறம் கட்ட வேண்டியதுதான்.

அப்ப என் சட்டைப் பையில போன் அதிருது. யாரோ விருந்தாளி, லேட்டா வர்றவங்க போலன்னு எடுத்துப் பார்க்கறேன். வே. சிவரஞ்சனி. மாப்பிள்ளை வீடு.

நிமிர்ந்து பார்த்தா, ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கா. குனிஞ்ச தலை குனிஞ்சபடி, ஓமப் புகையைப் பார்த்துக்கிட்டிருக்கா, ஒண்ணும் தெரியாத மாதிரி. மருதாணி வெச்ச விரல் மட்டும் தேங்காய்க்குப் பின்னாடி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பொய்த் தகவல்ங்க அது. வே-ன்னா வேதரத்தினம். வேதரத்தினம் பொண்ணு வீடு. அப்புறம் எப்படி மாப்பிள்ளை வீடு? 'இல்லை' போட்டேன். இல்லைன்னு போட்டா காரணம் எழுதச் சொல்லும், சும்மா தள்ள முடியாது. 'தாலி இன்னும் ஏறவில்லை' அப்படின்னு எழுதி அனுப்பினேன்.

அவ குனிஞ்சு படிச்சா. முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. தட்டு நாலாவது வரிசை தாண்டி வந்துக்கிட்டிருக்கு. எல்லாரும் தொட்டுக் கும்பிடறாங்க. ஐயர், சீக்கிரம் வாங்கோ, நேரம் ஆறதுன்னு கத்தறாரு. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில வெச்சுட்டாரு. மறுபடியும் போன் அதிருது.

க. சிவரஞ்சனி. உறவு, மருமகள். மாப்பிள்ளை வீடு.

நான் படிச்சேன். திரும்பப் படிச்சேன். க-ன்னா கதிரேசன். என் எழுத்தை எடுத்துட்டா. இந்த மண்டபத்துக்கு வர்ற ஒவ்வொருத்தர் பேரையும் படிச்சுப் பார்த்து, எங்கயாவது குத்தம் இருக்கான்னு தேடறவன் நான். இதுலயும் தேடினேங்க. பேரு சரி, இனிஷியல் சரி, உறவு சரி, வீடு சரி. குத்தம் சொல்ல ஒரு இடம் இல்லை. அவளை ஸ்கூல்ல சேர்க்கறப்ப ஹெட்மாஸ்டர் இனிஷியல் என்னன்னு கேட்டாரு, நான் சொல்றதுக்குள்ள அவளே 'வே'ன்னு கத்தினா, ஊருக்கே கேக்கற மாதிரி. அது இப்ப எதுக்கு ஞாபகம் வருதுன்னு தெரியலை. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தண்ணி விட்டு, மந்திரம் சொல்லி, கையைப் பிடிச்சுக் குடுத்தேன். அப்ப ஒண்ணும் தோணலை, ஐயர் சொல்லச் சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான். இது அப்படி இல்லைங்க. ஆமாவா இல்லையான்னு என்னைக் கேக்குது.

பக்கத்துல நின்ன சம்பந்தி எட்டிப் பார்த்தாரு. தாலித் தட்டு மேடை ஏறிடுச்சு. போட்டுடுங்க சம்பந்தின்னாரு, ரொம்ப மெதுவா.

ஆமா போட்டேன்.

போட்டா உடனே முடியாதுங்க, நிச்சயமான்னு பொடி எழுத்துல இன்னொரு தரம் கேக்கும். கண்ணாடியை வேற மேடைக்குக் கீழ வெச்சுட்டேன், கண்ணு கலங்கியும் இருந்துச்சு, எழுத்து தெரியலை. போனை மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டு போயி, தேடிப் பிடிச்சு அதையும் அழுத்தினேன். அழுத்தும்போதே கெட்டிமேளம்! காது கிழியற மாதிரி. அட்சதை வந்து என் கழுத்துல, போன்ல எல்லாம் விழுது. நான் தலையை நிமிர்த்தறேன், மாப்பிள்ளை கையை எடுக்கறாரு. நாத்தனார் முடிச்சும் போட்டாச்சு. அவ கழுத்துல மஞ்சக்கயிறு கிடக்கு. எல்லாம் முடிஞ்சு போச்சு.

எத்தனை கல்யாணத்துக்கு இந்த மண்டபத்துல நின்னிருக்கேன். யார் யார் பொண்ணுக்கோ தாலி ஏறினதை எல்லாம் பார்த்திருக்கேன். என் மகளுக்கு ஏறினதை நான் பார்க்கலைங்க.

குமரன் பார்த்தான். அவ போன்ல அவன் மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது, மஞ்சத் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அழறான். கண்ணீர் ஒவ்வொரு சொட்டும் தெரியுது, அப்படி ஒரு வேகம். பாப்பா அவனைப் பார்த்துச் சிரிச்சா. அப்பதான் அவ அழுதா. என்னையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. அதுல கோவம் இருந்துச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

இல்லைங்க, நான் இன்னும் மாத்தலை. எதுக்கு மாத்தணும்? முறைன்னா முறைதான். பிசகாம நடந்துச்சுன்னுதானே இப்ப உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்.

முதல் பந்தியில மாப்பிள்ளை வீட்டாரை உக்கார வெச்சுட்டு, நான் சமையல்கட்டுக்குப் பின்னாடி போனேன். அண்டா கழுவற இடம், அங்க யாரும் இல்லை. என் போன்லேருந்து குமரனைக் கூப்பிட்டேன். எடுத்தான். அப்பா, நல்லாப் பார்த்தேன்ப்பா, நேர்ல பார்த்த மாதிரியே இருந்துச்சுன்னான்.

டேய் குமரா, தாலி ஏறும்போது பாப்பா எப்படிடா இருந்தா, சொல்லுடான்னேன்.

சொல்ல ஆரம்பிச்சான். பாப்பா குனிஞ்சா, அப்புறம்... அவ்வளவுதான் கேட்டுச்சு. வாயைத் தொறந்தபடி நிக்கறான், வட்டம் சுத்துது. என் போனு பொண்ணு வீடு. மீதி வரும் வரும்னு போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.